வாசகர் கேள்வி – பதில்: கரைந்து போகும் கந்தகத்தைக் கட்டி வைப்பது எப்படி?

சென்ற இதழில் இலிதியம்-கந்தகப் பற்றரியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். எடைக்கு எடை பார்த்தால் இன்றைய கைத்தொலைபேசிப் பற்றரியைக் காட்டிலும் பல மடங்கு சக்தியைக் கோட்பாட்டளவில் தேக்கக்கூடியது அது என்றும், அவ்வாறிருந்தும் கடைக்கு வராமல் நிற்பதற்கு அதனுள் இருக்கும் பொருள்களின் இயல்பே காரணம் என்றும் அதில் கூறியிருந்தேன். அக்குறிப்புப் போதாது, விரித்து எழுதுங்கள் என்று குடாநாட்டின் பல ஊர்களிலிருந்தும் தீவகத்திலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஏழுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சில பதில்கள் நீளும், விடயம் அப்படிப்பட்டது.

கேள்வி: கந்தகம் மின்னைக் கடத்தாது என்றுதான் எங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். கடத்தாத ஒன்றைப் பற்றரியின் மின்வாயாக ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? – உயர்தர இரசாயனவியல் மாணவி, சாவகச்சேரி

பதில்: உங்கள் பாடநூல் சொல்வது சரியே. தூய கந்தகத்தின் கடத்துதிறன் அறை வெப்பநிலையில் எவ்வளவு சிறியது என்றால், தசமப் புள்ளிக்குப் பின் ஏறத்தாழ முப்பது பூச்சியங்களை எழுத வேண்டியிருக்கும். ஆயினும் அதைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணத்தை உங்கள் உயர்தர அறிவைக் கொண்டே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மூல் இலத்திரனின் ஏற்றம் 96,485 கூலோம். அதை 3600 ஆல் வகுத்தால் 26.8 அம்பியர் மணி வரும். ஒரு கந்தக அணு இரண்டு இலத்திரன்களை ஏற்று Li₂S ஆக மாறுகிறது. ஆகவே ஒரு மூலுக்கு 53.6 அம்பியர் மணி. கந்தகத்தின் மூலர்த் திணிவு 32.06 கிராம். வகுத்துப் பாருங்கள்: ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 1672 மில்லிஅம்பியர் மணி கிடைக்கிறது. இன்றைய வீட்டுப் பற்றரிகளில் உள்ள இலிதியம் இரும்புப் பொசுபேற்றுக்கு இதே கணக்கைச் செய்தால் 170 தான் வரும். அங்கே ஓர் இலத்திரனைப் பெறுவதற்கு இரும்பு, பொசுபரசு, நான்கு ஒட்சிசன் எல்லாவற்றையும் சுமக்க வேண்டியிருப்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

எதிர்ப்புறத்தில் தூய இலிதிய உலோகம் கிராமுக்கு 3860 மில்லிஅம்பியர் மணி தருகிறது. இவ்விரண்டையும் சேர்த்தால் அழுத்தம் சராசரியாக 2.1 வோல்ற்று மட்டுமே வரும். சாதாரண இலிதிய அயன் பற்றரியின் 3.7 வோல்ற்றிலும் இது குறைவு. ஆயினும் எடை மிகக் குறைவாக இருப்பதால், தாக்கத்தில் பங்குபெறும் பொருள்களை மட்டும் நிறுத்துக் கணக்கிட்டால் கிலோவுக்கு ஏறத்தாழ 2600 வாற்று மணி என்ற கோட்பாட்டு எல்லை கிடைக்கிறது. இன்றைய நல்ல இலிதிய அயன் மின்கலங்கள் கிலோவுக்கு 250 இலிருந்து 300 வரை தருகின்றன. 2600 என்பது தாளில் மட்டுமே கிடைக்கும் எண் என்பதை மறக்க வேண்டாம். உறை, மின்பகுபொருள் (மின்வாய்களிடையே அயன்களைக் கடத்துவது), காபன், உலோகத் தகடு எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தபின் ஆய்வுகூடங்கள் பெரும்பாலும் எட்டியிருப்பது 350, 400 என்ற அளவே. அதுவும் சிறிதன்று.

கேள்வி: நான் இருபது ஆண்டுகளாகப் பற்றரியும் இன்வேட்டரும் திருத்துகிறேன். ஈயப் பற்றரியில் தகட்டில் சல்பேற்று இறுகிப் பற்றரி செத்துப்போவதைத் தினமும் பார்க்கிறேன். இந்தப் புதிய பற்றரியும் விரைவில் சோர்ந்துவிடும் என்கிறார்களே, அதுவும் அதே நோய்தானா? – பற்றரி திருத்துநர், யாழ் நகர்

பதில்: அனுபவத்திலிருந்து வந்த மிக நல்ல கேள்வி. ஒரு பகுதி அதே நோய்தான், பெரும்பகுதி வேறு.

கந்தகம் இயற்கையில் எட்டு அணுக்கள் சேர்ந்த வளையமாக இருக்கிறது. பற்றரியிலிருந்து மின்னை எடுக்கும்போது அவ்வளையம் திறந்து இருபுறமும் இலிதியத்தைப் பற்றிக்கொண்டு Li₂S₈ ஆகிறது. பிறகு படிப்படியாக அறுபட்டு Li₂S₆, Li₂S₄, Li₂S₂ என்று குறுகி, இறுதியில் Li₂S ஆக முடிகிறது. இடையில் தோன்றும் இச்சங்கிலிகளைப் பொலிசல்பைட்டுக்கள் என்கிறோம். முதலில் உள்ள கந்தகம் திண்மம், முடிவில் வரும் Li₂S உம் திண்மம். ஆனால் இடையிலுள்ள நீண்ட சங்கிலிகள் அப்பற்றரியில் ஊற்றப்பட்டிருக்கும் ஈதர் வகைத் திரவத்தில் தாராளமாகக் கரையக்கூடியவை. உங்கள் ஈயப் பற்றரியில் ஈயமும் ஈயச் சல்பேற்றும் தகட்டை விட்டுப் பெரிதாக விலகுவதில்லை. இங்கோ மின்வாயின் பொருளே கரைந்து திரவத்தோடு அலைகிறது. மின்னிறக்க வரைபைப் பார்த்தால் இது தெளிவாகும்: 2.3, 2.4 வோல்ற்று அளவில் முதலில் ஒரு சிறு மேடை தோன்றும். கொள்ளளவில் காற்பங்கான அப்பகுதியிற்றான் கந்தகம் கரைகிறது. பின்னர் 2.1 வோல்ற்று அளவில் நீண்ட மேடை ஒன்று வரும். கரைந்தது மீண்டும் திண்மமாகப் படிவது அங்கேதான்.

கரைந்த பொலிசல்பைட்டு எங்கே போகும்? இரு மின்வாய்களுக்கும் நடுவே இருக்கும் பிரிப்புத் தாளின் துளைகள் வழியாக மறுபுறமுள்ள இலிதிய உலோகத்தை அடைந்து, அங்கே நேரடியாகத் தாக்கமுற்றுக் குறுகிய சங்கிலியாகித் திரும்பி வருகிறது. மின்னேற்றும்போது அது மீண்டும் நீண்ட சங்கிலியாக்கப்படுகிறது. நீண்டதும் மறுபடி இலிதியத்திடம் போகிறது. தோட்டத்துக்கு இறைத்த நீர் பாத்தியை அடையாமல் வாய்க்கால் வெடிப்பு வழியாகக் கிணற்றுக்கே ஊறித் திரும்பினால், இறைப்பவர் நாள் முழுவதும் இறைத்தாலும் வெங்காயம் நனையாது அல்லவா? அதுபோல மின்னேற்றி ஓடிக்கொண்டேயிருக்கும், பற்றரி நிறையாது, சூடு மட்டும் ஏறும். நம் ஊர் வெயிலில் இது இன்னும் விரைவாக நடக்கும்; பாவிக்காமல் வைத்திருந்தாலும் ஏற்றம் தானாக இறங்கும்.

நான் பணிபுரிந்த ஆய்வுகூடம் ஒன்றில், அறுபது சுற்றுக்குள் (ஒருமுறை ஏற்றி இறக்குவது ஒரு சுற்று) கொள்ளளவின் பாதியை இழந்த பொத்தான் வடிவ மின்கலம் ஒன்றை ஆகன் வாயு நிரம்பிய கையுறைப் பெட்டிக்குள் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளையாக வைத்த பிரிப்புத் தாள், தேயிலைச் சாயம் ஊறிய துணியைப் போலப் பழுப்பு மஞ்சளாகியிருந்தது. வெள்ளிபோல மின்னிய இலிதியத் தகட்டின் மேல் கருஞ்சாம்பல் நிறப் பொருக்கு ஒன்று படிந்திருந்தது. இடுக்கியால் தொட்டவுடன் உதிர்ந்தது. அப்பொருக்கில் இருந்தது, எதிர்ப்புறத்து மின்வாயில் நான் நிறுத்து வைத்த கந்தகத்தின் ஒரு பகுதி. பற்றரியின் சோர்வு என்று வரைபில் பார்த்ததை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

உங்கள் சல்பேற்று நோய்க்கு இணையானதும் இங்கே உண்டு. இறுதியில் படியும் Li₂S மின்னைக் கடத்தாது. காபனோடு தொடர்பற்ற இடத்தில் தடிப்பாகப் படிந்தால் திரும்ப எழும்பாது. அத்துடன் கந்தகம் முழுவதும் Li₂S ஆகும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 80 வீதம் பெருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் உப்பிச் சுருங்கும் மின்வாய் தன் கட்டமைப்பைத் தானே தளர்த்திக்கொள்கிறது.

கேள்வி: கரைவதைத் தடுக்க இதுவரை என்னென்ன பொருள்களை முயன்றிருக்கிறார்கள்? மாணவருக்குச் சொல்லக்கூடியவாறு விளக்குவீர்களா? – பௌதிகவியல் ஆசிரியர், பருத்தித்துறை

பதில்: கந்தகத்தை மின்வாயாக்கும் எண்ணம் பழையது, 1962 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டிருக்கிறது. ஆனால் கரையும் கந்தகத்தை என்ன செய்வது என்பதற்கு நம்பிக்கையூட்டும் விடை கிடைக்க 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் லிண்டா நசாரின் குழுவினர், ஒழுங்காக அடுக்கப்பட்ட நுண்காபன் கோல்களுக்கு இடையே 3 முதல் 4 நனோமீற்றர் அகலமுள்ள இடைவெளிகளில் கந்தகத்தை உருக்கி ஊறவைத்தார்கள். இலத்திரனைக் காபன் கொண்டுவந்து தருகிறது. ஒடுங்கிய இடைவெளி கரைந்த சங்கிலிகள் வெளியேறுவதைத் தாமதிக்கிறது. முழுதும் நிரப்பாமல் விட்ட இடம் உப்பலைத் தாங்குகிறது. அவர்கள் கிராமுக்கு 1320 மில்லிஅம்பியர் மணி வரை பெற்றார்கள். இத்துறையில் இன்று நடக்கும் வேலைகளிற் பெரும்பாலானவை அந்த ஆய்வின் வழிவந்தவையே.

ஊறவைக்கும் முறையை மாணவருக்குக் காட்டலாம், அதில் நல்ல பௌதிகவியல் இருக்கிறது. சோதனைக் குழாயில் சிறிது கந்தகத்தை மெதுவாகச் சூடாக்கினால் 115 பாகை செல்சியசைக் கடந்தபின் உருகி, தேன்போன்ற மஞ்சள் நிறத்தில் இலகுவாக ஓடும். வெப்பநிலை ஏற ஏற இன்னும் இலகுவாகும். 159 பாகையைத் தாண்டியதும் நிலைமை தலைகீழாகும்: வளையங்கள் திறந்து ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலிகளாகும், நிறம் செங்கபிலமாகும், குழாயைச் சரித்தாலும் ஓடாத அளவுக்குத் தடிக்கும். ஆகவே உருகிய கந்தகம் மிக இலகுவாக ஓடும் இடம் அந்தத் திருப்பத்துக்குச் சற்று முன்னர், 155 பாகையளவில் இருக்கிறது. உலகெங்கும் ஆய்வுகூடங்களில் கந்தகத்தையும் காபனையும் கலந்து 155 பாகையில் பல மணிநேரம் மூடி வைப்பதற்கு இதுவே காரணம். (வகுப்பில் செய்வதானால் புகை உறிஞ்சும் அலுமாரிக்குள் செய்யுங்கள், கந்தகம் பற்றிக்கொண்டால் வரும் புகை நுரையீரலுக்கு ஆகாது.)

காபன் மட்டும் போதவில்லை. பொலிசல்பைட்டு முனைவுள்ள (ஏற்றம் ஒருபுறம் சாய்ந்த) பொருள், காபனின் மேற்பரப்பு முனைவற்றது; இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளா. காபன் கூண்டு நாட்களை நீட்டுமே தவிரக் கசிவை நிறுத்தாது. எனவே 2014, 2015 ஆண்டுகளில் நசாரின் குழு முனைவுள்ள ஒட்சைட்டுக்களை நாடியது. Ti₄O₇ என்ற தைத்தேனிய ஒட்சைட்டு பொலிசல்பைட்டைப் பற்றிப் பிடிப்பதோடு உலோகம்போல மின்னையும் கடத்துவது. மங்கனீசு ஈரொட்சைட்டின் மெல்லிய ஏடுகள் வேறு வழியில் உதவின: அவை பொலிசல்பைட்டோடு தாக்கமுற்றுத் தம் மேற்பரப்பில் தயோசல்பேற்றை உண்டாக்க, அது அடுத்து வரும் சங்கிலிகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அண்மைக் காலத்தில் கவனம் இன்னும் நகர்ந்திருக்கிறது. பிடித்து வைத்தால் மட்டும் போதாது, பிடித்ததை விரைவாக Li₂S ஆக மாற்றவும் வேண்டும் என்பதால், காபன்மேல் கோபாற்று போன்ற உலோகங்களைத் தனித்தனி அணுக்களாகப் பதித்து ஊக்கியாக்கிப் பார்க்கிறார்கள். என் கணிப்பில் இதுவே சரியான திசை. தடுப்பு எவ்வளவு நன்றாயிருந்தாலும் பின்னால் கரைசல் தேங்கிக்கொண்டேயிருந்தால் ஒருநாள் கசியத்தான் செய்யும்.

இதில் தமிழ் வாசகர் அறிந்திருக்க வேண்டிய பெயர் ஒன்றுண்டு. தமிழ்நாட்டின் தென்பகுதியில் அமரபுரம் என்னும் சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்து, அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்குபவர் ஆறுமுகம் மந்திரம். 2019 இல் இரசாயனவியல் நோபல் பரிசு பெற்ற ஜோன் குடினஃப் சார்பில் ஸ்ரொக்கோமில் உரை நிகழ்த்தியவர் அவரே. அவரது குழு 2012 இல் வெளியிட்ட வழி மிக எளிமையானது: கந்தக மின்வாயைச் சிக்கலாக்காமல், அதற்கும் பிரிப்புத் தாளுக்கும் நடுவே நுண்துளைக் காபன் தாள் ஒன்றைச் செருகினார்கள். மின்வாயை விட்டு வெளியேறும் பொலிசல்பைட்டு அத்தாளில் தங்கும். தாள் மின்னைக் கடத்துவதால் தங்கியதும் வீணாகாமல் மறுபடி பயன்படும். வீட்டுக் கூரை ஒழுக்கைத் தேடி அடைக்கமுன் கீழே வாளி வைப்பது போன்றது இது என்று சிலர் குறை கூறலாம். ஆனால் அந்த வாளியிலுள்ள நீரையும் அவர்கள் குடிக்கப் பயன்படுத்தினார்கள். குறை வேறிடத்தில் இருக்கிறது: அந்தத் தாளுக்கும் எடையுண்டு, அது உறிஞ்சும் திரவத்துக்கும் எடையுண்டு. எடை குறைவு என்பதற்காகவே கந்தகத்தை நாடிய நாம் அதனையும் கணக்கில் சேர்த்தேயாக வேண்டும்.

கேள்வி: கரைப்பதே ஈதர் திரவம் என்றால் அதை மாற்றிவிட்டால் என்ன? – பட்டப்பின் மாணவர், கொக்குவில்

பதில்: சாதாரண இலிதிய அயன் பற்றரியில் உள்ள காபனேற்று வகைத் திரவங்கள் பொலிசல்பைட்டோடு தாக்கமுற்றுக் கெட்டுவிடும், அதனாலேயே ஈதர் வந்தது. ஈதரில் சிறிதளவு இலிதியம் நைத்திரேற்றைச் சேர்த்தால் இலிதியத்தின்மேல் காப்புப் படலம் ஒன்று உருவாகிப் பொலிசல்பைட்டின் அலைச்சல் பெரிதும் குறைகிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் நைத்திரேற்றுச் செலவாகிறது. தீர்ந்தபின் பழைய கதைதான்.

திரவத்தை மாற்றாமல் கந்தகத்தின் வடிவை மாற்றும் வழியும் உண்டு. பொலிஅக்கிரைலோநைத்திரைலைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் கந்தகம் குறுஞ்சங்கிலிகளாகப் பல்பகுதியத்தோடு இரசாயனப் பிணைப்பில் அமர்ந்துவிடும். கரையும் நீண்ட சங்கிலி அங்கே தோன்றாததால் காபனேற்றுத் திரவமும் பொருந்தும்; கந்தகத்தின் பங்கு பாதிக்கும் குறைவு என்பதே அதன் விலை. 2022 இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் விபா கால்ராவின் குழு, பொதுவாக உயர் வெப்பநிலையில் மட்டும் காணப்படும் பளிங்கு வடிவமான காமாக் கந்தகத்தை அறை வெப்பநிலையிலேயே காபன் நார்களில் நிலைக்கச் செய்து, காபனேற்றுத் திரவத்தில் 4000 சுற்றுக்கள் ஓட்டிக் காட்டியது. அது ஏன் அந்த வடிவில் நிலைத்தது என்பது உங்களைப் போன்ற பட்டப்பின் மாணவர் கவனமாகப் படித்துப் பார்க்கத் தகுந்தது. திரவமே இல்லாத திண்ம மின்பகுபொருளும் ஒரு வழி. அதில் கரைவு என்ற பேச்சில்லை. ஆனால் 80 வீதம் உப்பிச் சுருங்கும் பொருளோடு ஒரு திண்மத்தைத் தொடர்பு அறாமல் ஒட்டி வைத்திருப்பது தனிப் பாடு.

கேள்வி: முந்திரிகைக் கொடிக்குச் சாம்பல் நோய் வந்தால் விசிறும் கந்தகத் தூள் என்னிடம் நிறைய இருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா? – முந்திரிகைத் தோட்டக்காரர், உரும்பிராய்

பதில்: மூலகம் ஒன்றே. ஆனால் நீரில் கலந்து விசிறும் தூளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே கந்தகம். எஞ்சியது நீரில் பிரிந்து கலப்பதற்காகச் சேர்க்கப்பட்ட பொருள்கள். அவை பற்றரிக்கு நஞ்சு. உங்கள் தூள் கொடிக்கே இருக்கட்டும். கந்தகத்துக்கு உலகில் பஞ்சம் இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 8 கோடி தொன் கிடைக்கிறது. பெரும்பகுதி மசகெண்ணெயையும் இயற்கை வாயுவையும் சுத்திகரிக்கும்போது கழித்தெடுப்பது. கோபாற்றும் நிக்கலும் தேவைப்படும் பற்றரிகளோடு ஒப்பிட்டால் இதன் மூலப்பொருட் செலவு மிகச் சிறிது.

கேள்வி: பனங்கொட்டை ஓட்டுக் கரியிலிருந்து இதற்கான காபனைச் செய்ய முடியுமா? எங்கள் செயற்றிட்டத்துக்கு இதை எடுக்கலாமா? – விஞ்ஞானபீட மாணவர், திருநெல்வேலி

பதில்: எடுங்கள். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் என்னை மிகவும் மகிழ்வித்தது உங்களுடையதுதான். தேங்காய்ச் சிரட்டைக் கரியிலிருந்து செய்யும் உயிர்ப்பூட்டிய காபனை இலங்கை நெடுங்காலமாக ஏற்றுமதி செய்து வருகிறது. பனங்கொட்டையின் ஓடும் அதைப் போலவே இறுகிய, மரத்தன்மையுள்ள பொருள். காற்றுப் புகாமல் கரியாக்கி, பொற்றாசியம் ஐதரொட்சைட்டோடு சூடாக்கி உயிர்ப்பூட்டி, அமிலத்தாலும் நீராலும் சாம்பலும் காரமும் போகும்வரை கழுவினால் 2 நனோமீற்றருக்கும் குறைந்த துளைகள் மிகுந்த காபன் கிடைக்கும். அவற்றிலும் மிக ஒடுங்கிய துளைக்குள் எட்டணு வளையம் இலகுவில் அடங்காது, குறுஞ்சங்கிலிகளே தங்கும். தங்கியது வெளியேறுவதும் கடினம். ஆனால் துளை சிறிதாக ஆக, ஏற்கும் கந்தகமும் குறையும். சிறு துளையையும் நடுத்தரத் துளையையும் எந்த விகிதத்தில் சேர்ப்பது என்பதில்தான் உங்கள் ஆய்வு நிற்க வேண்டும். "பனையிலிருந்து செய்தோம்" என்பது மட்டும் ஆய்வாகாது.

ஒரு எச்சரிக்கை. கழுவுவதில் அலுப்புப் பார்க்க வேண்டாம். வடிநீர் நடுநிலையானபின்னும் இரண்டு தடவை கழுவுங்கள். காபனில் ஒளிந்திருக்கும் சிறிதளவு காரமும் ஈரமும் பிறகு எல்லா அளவீட்டையும் கெடுக்கும். காபனைச் செய்தல், அதன் மேற்பரப்பை நைதரசன் உறிஞ்சலால் அளத்தல், 155 பாகையில் கந்தகம் ஏற்றல், சூடாக்கி எடை குறைவதைக் கொண்டு கந்தகத்தின் பங்கைக் கணித்தல் ஆகியவற்றுக்கு ஆகன் பெட்டி வேண்டியதில்லை. இலிதியத்தோடு மின்கலம் அமைக்கும் கட்டத்தில்தான் அது தேவை. அப்போது வசதியுள்ள ஆய்வுகூடம் ஒன்றோடு கூட்டுச் சேரலாம்.

போகல, ககட்டகக சுரங்கங்களின் காரீயத்தை (கிரபைற்றை)ப் பயன்படுத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது உலகின் மிகத் தூய காரீயங்களில் ஒன்று. ஆனால் அதன் படைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் கந்தகம் புக இடமில்லை. ஒட்சியேற்றிப் படைகளைப் பிரித்துக் கிரபீனாக்கினால் கடத்தும் வலையாகப் பனைக் காபனோடு சேர்க்கலாம். புல்மோட்டை மணலில் தைத்தேனியம் இருப்பதையும் நினைவில் வையுங்கள். முன்னர் சொன்ன ஒட்சைட்டுக்களின் தொடக்கம் அங்கே கிடக்கிறது.

செயற்றிட்டத்தை எழுதும்போது மூன்று எண்களை மறைக்காமல் எழுதுங்கள், மற்றவருடைய ஆய்வைப் படிக்கும்போதும் அவற்றையே முதலில் தேடுங்கள். ஒன்று, ஒரு சதுர சென்ரிமீற்றர் மின்வாயில் எத்தனை மில்லிகிராம் கந்தகம் இருக்கிறது என்பது. ஒன்று அல்லது இரண்டு என்றால் அது ஆய்வுகூட விளையாட்டு. ஐந்துக்கு மேல் இருந்தாலே பற்றரி என்று பேசலாம். இரண்டாவது, ஒரு கிராம் கந்தகத்துக்கு ஊற்றிய திரவம். 20 மில்லிலீற்றர் ஊற்றினால் எந்தக் காபனும் நன்றாக வேலை செய்யும்; ஆனால் பற்றரியின் எடை முழுவதும் திரவமாகிவிடும். அதை 5 க்கும் கீழே கொண்டுவந்தபின் நிலைத்து நிற்பதே உண்மையான வெற்றி. மூன்றாவது இலிதியம். சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு மில்லிகிராம் கந்தகம் வைத்து, எதிரே கால் மில்லிமீற்றர் தடிப்புள்ள இலிதியத் தகட்டை வைத்தால், தேவையானதைப்போல 30 மடங்கு இலிதியம் அங்கே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இலிதியம் வீணானாலும் ஐந்நூறு சுற்றுவரை ஒன்றும் தெரியாது. பத்திரிகைகளில் வரும் பல வியப்பான தலைப்புக்கள் இந்த முப்பது மடங்கின்மேல் நிற்பவை. நேர்மையாக அளந்து இருநூறு சுற்று ஓடிய மின்கலத்தை, மறைத்து அளந்து இரண்டாயிரம் ஓடியதைவிட நான் மதிப்பேன்.

கேள்வி: எங்கள் தீவுக்கு மின்சாரம் இயந்திரத்தில் எண்ணெய் எரித்துத்தான் வந்தது. இப்போது சூரிய ஒளி, காற்று, பற்றரி என்று திட்டம் போடுகிறார்கள். வீட்டுக்கும் வள்ளத்துக்கும் இந்தக் கந்தகப் பற்றரி வரும்வரை காத்திருக்கலாமா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், நெடுந்தீவு

பதில்: ஐயா, காத்திருக்க வேண்டாம். நெடுந்தீவு, அனலைதீவு, நயினாதீவு ஆகிய மூன்று தீவுகளுக்குமாக இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் செய்யப்பட்ட கலப்புத் திட்டத்தில் 1700 கிலோவாற்று சூரியத் தகடுகளும், 530 கிலோவாற்று காற்றாலைகளும், 2400 கிலோவாற்று மணிப் பற்றரித் தொகுதியும், அவசரத்துக்கு டீசல் இயந்திரங்களும் அடங்குகின்றன. அத்தகைய தொகுதி தரையில் நிற்பது. தரையில் நிற்கும் பற்றரிக்கு எடை ஒரு பொருட்டே அல்ல. எத்தனை ஆண்டு உழைக்கும், எவ்வளவு பாதுகாப்பானது, எவ்வளவு செலவு என்பனவே கேள்விகள். மூன்றிலும் இலிதியம் இரும்புப் பொசுபேற்று இன்று முன்னால் நிற்கிறது. பல ஆயிரம் சுற்றுக்கள் உழைக்கிறது. ஒரு வீட்டுக்கான 5 கிலோவாற்று மணித் தொகுதி 40, 50 கிலோ எடை வரும். அதைச் சுவரோரம் வைத்தபின் யார் தூக்கப் போகிறார்கள்?

எடையே உயிர்நிலையாக இருக்கும் இடம் ஆகாயம். 2010 இல் செபிர் என்னும் ஆளில்லா விமானம் பகலில் சூரியத் தகட்டாலும் இரவில் இலிதியம்-கந்தகப் பற்றரியாலும் இயங்கி, அரிசோனாப் பாலைவனத்தின்மேல் 14 நாட்கள் தரையிறங்காமல் பறந்தது. 2020 இல் தென்கொரியாவும் இவ்வகைப் பற்றரியோடு ஒரு விமானத்தைப் படைமண்டலத்துக்கு அனுப்பியது. பற்றரி நூறு சுற்று உழைத்தாலும் அங்கே அது பெறுமதியானது. இதை நம்பித் தொடங்கிய இங்கிலாந்தின் ஒக்சிஸ் எனேர்ஜி நிறுவனம் 2021 இல் பணமின்றி மூடப்பட்டதையும் சொல்லத்தான் வேண்டும். ஆய்வுக்கும் சந்தைக்கும் இடையிலுள்ள தூரம் அவ்வளவு. வள்ளத்தைப் பொறுத்தவரை எடை ஓரளவு முக்கியமே. ஆனால் கந்தகப் பற்றரி எடை குறைந்ததே தவிர இடம் குறைந்ததன்று. நுண்துளைக் காபனும் திரவமும் சேர்ந்து பருமனைக் கூட்டும். உறை உடைந்து உப்புநீர் புகுந்தால் இலிதிய உலோகம் தீப்பற்றலாம். Li₂S ஈரம் பட்டதும் அழுகிய முட்டை நாற்றமுள்ள, நஞ்சான ஐதரசன் சல்பைட்டை வெளிவிடும். கடலில் அப்படி ஒரு பெட்டியை உங்கள் மாணவரின் பிள்ளைகள் வைத்திருப்பதை நான் இப்போது விரும்பவில்லை.

ஆகையால் யாராவது தீவுக்கு வந்து இது கந்தகப் பற்றரி, புதியது, இலேசானது என்று விற்க முயன்றால் வாங்க வேண்டாம். இரும்புப் பொசுபேற்றுப் பற்றரியையே வாங்குங்கள். அதைக் கடற்காற்று நேரே படாத, வெயில் ஏறாத வடக்குச் சுவரோரமாக, நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் வையுங்கள். இணைப்பு முனைகளில் உப்புப் பூக்கிறதா என்று மாதத்துக்கு ஒருமுறை மின்னைத் துண்டித்துவிட்டுப் பார்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.